நீலப் பொட்டுகளும் அஞ்சலக்காவின் மாத்திரை டப்பாவும்

முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால், அடுத்தவர் மலத்தைக் கரைத்துத் தட்டில் பூசினேன் என்பதுதான். கல்யாணப் பந்தியில் இதைச் சொல்ல முடியுமா? பக்கத்து இலைக்காரர் எங்கே வேலை என்று கேட்டால் “மருந்து ஆராய்ச்சி” என்பேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அப்பளத்தை நொறுக்குவார். உண்மையைச் சொல்லியிருந்தால் எழுந்து அடுத்த பந்திக்குப் போயிருப்பார்.

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் ஆய்வகத்தில் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். ஒரு துளியை விட்டு மூடியைச் சாத்தினால் எந்தக் கிருமி, எவ்வளவு என்று அதுவே திரையில் சொல்லிவிடுகிறது. நாற்றமே இல்லை. அங்கே வேலை பார்க்கும் பெண்களில் ஒருத்தி, “மேடம், நீங்க நெஜமாவே கையால எண்ணுவீங்களா?” என்று கேட்டாள். இன்னொருத்தி, “அந்தப் பழவேற்காடு கேஸைப் பத்தி எழுதுங்க மேடம், ஃபைல்ல ரெண்டு வரிதான் இருக்கு” என்றாள். அந்த இரண்டு வரியை எழுதியவளே நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள் நான். நைனா வலைக்காரர். பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பு, கொஞ்ச காலம் ஒரு ஆஸ்பத்திரியில் சர்க்கரையும் உப்பும் பார்த்தது, மீஞ்சூரில் கல்யாணம், பிறகு சென்னையில் இந்த ஆய்வகம். என் இளமையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆய்வகத்தின் தலைவர் சுந்தரவதனம் சார். கிருமிகள் வளர்ந்த தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் பார்க்க மாட்டார், மோந்து பார்ப்பார். தட்டை மோந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தவர் அவரேதான். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு கண்ணை மூடி இழுப்பார். பிறகுதான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, கணக்கு நன்றாக வந்திருந்தாலும் சரி, நாசமாகப் போயிருந்தாலும் சரி, ஒரே வாக்கியம்தான்: “இன்னொரு தட்டு போடும்மா.” திட்டவே மாட்டார். திட்டியிருந்தால் தேவலை. அவர் பெண்ணின் கல்யாணத்தில் பாயசத்தை ருசி பார்த்துவிட்டு இன்னொரு அண்டா போடச் சொன்னார் என்று நாங்கள் ஒரு கதை கட்டிவிட்டோம். அதையும் அவர் கேட்டுச் சிரித்தார் என்றுதான் சொல்கிறார்கள்.

சார் செய்துகொண்டிருந்தது இதுதான். மனிதக் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். வயிற்றுப்போக்குக்கு மருந்தாகவே கொடுத்துப் பழகிய சாதுவான கிருமி. புற்றுக்கட்டியின் நடுவில் காற்றோட்டம் கிடையாது. உடம்பின் காவல்காரர்களும் அந்தப் பக்கம் சரியாக எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதனால் இந்தக் கிருமி அங்கே போய்ச் சொகுசாகக் குடியேறிவிடும். குடியேறிய இடத்தில் மருந்தைச் சுரக்கும்படி அதன் மரபணுவை மாற்றிவிட்டால், நரம்பில் ஊசி போட்டு உடம்பு முழுக்க விஷத்தை ஓடவிட வேண்டியதில்லை, கட்டிக்குள்ளேயே மருந்து சுரக்கும். இன்னும் இரண்டு காரியம் செய்திருந்தார். ஒன்று, மாத்திரையோடு சேர்த்து ஒரு சத்தைக் கொடுத்தால்தான் கிருமி பிழைக்கும். ஒரு நாள் மாத்திரை நின்றாலும் அது காலி. அதுபாட்டுக்குப் பெருகி ஊரெல்லாம் பரவிவிடக் கூடாது என்பதற்காக. இரண்டு, எங்கள் தட்டில் அது மட்டும் நீல நிறத்தில் முளைக்கும்.

அந்த நீலத்தை எண்ணுவதுதான் என் பிழைப்பு. கொண்டைக்கடலை அளவு மலத்தை எடுத்து எடை போட வேண்டும். உப்புநீரில் கலக்க வேண்டும். அதில் ஒரு சொட்டை அடுத்த குழாயில் விட்டுக் கலக்கி, அதில் ஒரு சொட்டை அதற்கடுத்த குழாயில் விட்டு, இப்படி ஏழு குழாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்து, வளைந்த கண்ணாடிக் குச்சியைச் சுடரில் காட்டி ஆறவிட்டு, தட்டில் கோலமாவு பரப்புவதுபோல் பரப்ப வேண்டும். சூடு ஆறுவதற்குள் அவசரப்பட்டால் கிருமி வெந்துபோகும். மறுநாள் தட்டைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் பேனாவால் ஒவ்வொரு நீலப் பொட்டின் மேலும் புள்ளி குத்திக்கொண்டே எண்ண வேண்டும். நடுவில் யாராவது “டீ குடிக்க வர்றீங்களா” என்று கேட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். நான் பல நல்ல சிநேகிதிகளை இழந்தது அப்படித்தான்.

எலிகளுக்கு மருந்து நன்றாக வேலை செய்தது. எலிகளுக்கு எல்லா மருந்துமே நன்றாகத்தான் வேலை செய்யும். பல வருடம் கழித்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வந்தது. கட்டி கரைகிறதா என்று பார்ப்பதற்கு இல்லை, ஆளைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வேறு வைத்தியமெல்லாம் பார்த்து முடித்துவிட்ட சிலரை ஆஸ்பத்திரியில் பொறுக்கி எடுத்தார்கள். பட்டியலைப் பார்த்தேன். அதில் எங்கள் ஏரிக்கரைப் பெயர் ஒன்று இருந்தது. அஞ்சலை.

அஞ்சலக்கா எங்கள் குப்பத்துக்குப் பக்கத்துக் குப்பம். என்னைவிட நாலு வயது பெரியவள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் பிடிப்பாள். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. குடலில் கட்டி வந்து, அறுத்து, ஊசி போட்டு, மறுபடியும் ஈரல் வரை போய்விட்டது. இந்தச் சோதனை ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த வழி. அவளைப் போய்ப் பார்த்து மாத்திரை கொடுப்பது, தினமும் எடுத்து வைக்கும் மலப் புட்டிகளை வாங்கி வருவது இரண்டும் என் தலையில் விழுந்தன. “உங்களுக்குப் பக்கம்தானே” என்றார்கள். வரைபடத்தில் பக்கம்தான்.

முதல் நாளே அக்கா கேட்டாள்.

“கிருமிய முழுங்கினா வயித்த பேஜாரு பண்ணாதா?”

“இது நல்ல கிருமிக்கா. தயிருக்கு ஒற ஊத்தறோம் இல்ல, அந்த மாரி. இன்னா, இதுக்குள்ள மருந்தயும் வச்சி அனுப்பறோம்.”

“மாத்திரய தொறந்து பாதி பாதியா போடலாமா?”

“ஐயோ, தொறக்கவே கூடாது. தொறந்தா வயித்துப் புளிப்புலயே கிருமி செத்துடும். அப்பிடியே முழுசா முழுங்கணும்.”

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் விளக்கம் எவ்வளவு அழகாக அமைந்துவிட்டது என்ற பூரிப்பில் இருந்தேன்.

வாரம் இரண்டு முறை தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுப் புட்டிகளை எடுத்துக்கொண்டு மீஞ்சூர் வந்து ரயில் ஏறுவேன். எங்கள் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு ஏறினால் அது மீன்தான் என்பது அந்த ரயிலில் சட்டம். ஒருநாள் எதிர் சீட்டுக்காரர் விடவே இல்லை.

“இன்னாக்கா, எறாவா? நண்டா?”

“ரெண்டும் இல்ல.”

“அப்ப மடவை. தொறந்து காட்டுக்கா, ரெண்டு வாங்கிக்கிறேன்.”

கடைசியில் இன்ன சரக்கு என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் நம்பவில்லை. ஒரு புட்டியை எடுத்துக் காட்டினேன். அன்று சென்ட்ரல் வரை மூன்று பேர் சீட்டில் நான் தனியாகக் கால் நீட்டிக்கொண்டு போனேன்.

மூன்றாவது வாரம் சிக்கல் தொடங்கியது. மற்ற நோயாளிகளின் தட்டுகளெல்லாம் நீலத்தில் குளித்துக்கொண்டிருக்க, அஞ்சலக்காவின் தட்டுகள் பல காலியாக இருந்தன. சில நாள் எக்கச்சக்கமாக இருந்தது, சில நாள் ஒரு பொட்டுகூட இல்லை. சார் மோந்து பார்த்தார். “இன்னொரு தட்டு போடும்மா.” போட்டேன். அதே கதை. மாத்திரை கெட்டுவிட்டதோ என்று அதே டப்பா மாத்திரையைக் கரைத்துப் பார்த்தோம். எண்ண முடியாத அளவுக்கு நீலம். ஆஸ்பத்திரியில் சோதனையைப் பார்த்துக்கொண்ட இளம் டாக்டர், “ட்ரெயின்ல ஐஸ் கரைஞ்சிருக்கும்” என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். ஐஸைப் பற்றி மீனவப் பெண்ணுக்குச் சொல்ல வந்துவிட்டார். கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நோட்டை எடுத்துத் தேதிவாரியாக ஒரே வரிசையில் எழுதினேன். நீலம், காலி, காலி. நீலம், காலி, காலி. நீலம், காலி, காலி.

வேறு யாராக இருந்தாலும் மறதி என்று நினைத்திருப்பார்கள். எனக்கு ஊர் நினைவு வந்தது. எங்கள் ஏரியில் மீன் வருகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலையை இறக்கினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால் சீட்டுக் குலுக்கி, இன்று உன் முறை, நாளை அவன் முறை என்று பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்னொருத்தர் பாட்டு நாளில் வலையைத் தொடுவது, அடுப்பு எரியாவிட்டாலும் சரி, எங்கள் ஊரில் நடக்காத காரியம். நைனா தன் பாட்டு நாளுக்காகக் காத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். நோட்டில் இருந்தது மறதி இல்லை. மூன்று பேர் பாடு போட்டிருக்கிறார்கள்.

மறுநாளே போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, மாத்திர தெனமும் உள்ள போவுதா?”

“தவறாம போவுது.”

“யாருக்கு உள்ள?”

தேய்த்த கை நின்றது.

“உனுக்கு யாரு சொன்னது?”

“உன் பீ சொல்லுச்சி.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவளே சொன்னாள். பக்கத்து வீட்டு வள்ளிக்கும் குடலில் கட்டி. அந்தத் தெருவிலேயே இருக்கும் மாரியண்ணனுக்கும் அதே. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள். வள்ளிக்கு ரத்தம் பத்தாது, மாரியண்ணனுக்கு வயது அதிகம் என்று சேர்க்கவில்லை.

“நீதான சொன்ன, தயிருக்கு ஒற மாரின்னு. ஒற கேட்டு வந்தா இல்லன்னு சொல்லுவாங்களா? மூணா பிரிச்சிக்கலாம்னு பாத்தேன். தொறக்கக் கூடாதுன்னுட்ட. அதான் சீட்டு குலுக்கி பாடு போட்டுக்கினோம்.”

“ஏன்க்கா, உனக்கு மூணுல ஒரு பங்குதான போவுது. உன் கட்டி எப்பிடிக் கரையும்?” என்று கத்தினேன்.

“நான் மட்டும் தெனமும் முழுங்கிக்கினு, அவங்க வாசல் வழியா எப்பிடி நடந்து போறது? நீ போவியா?”

நான் போயிருப்பேன். இப்போதும் போவேன் என்றுதான் நினைக்கிறேன். சென்னையில் முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் அவளைச் சோதனையிலிருந்து தூக்கிவிடுவார்கள். அதனால் ஒரு திருட்டு யோசனை செய்தேன். இனிமேல் நீயே தினமும் முழுங்கு, இதுவரை மறந்துவிட்டாய் என்று எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

“போட்ட பாட்ட நடுவுல மாத்தறதா?” என்றாள், நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டது போல.

“வள்ளியக் கூப்புடு, நான் பேசிக்கிறேன்.”

“அவ படுத்துக்கினுக்கிறா. மூணு நாளா காய்ச்ச.”

எழுந்து ஓடினேன். வள்ளி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். வலது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. நண்டு கடித்தது என்றாள். இருக்கலாம். ஆனால் குடலில் சாதுவாக இருக்கும் எங்கள் கிருமி, கட்டியின் வழியாக ரத்தத்தில் கலந்துவிட்டால் ரவுடியாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். சத்து நின்றால் ரத்தத்திலும் அது சாகுமா என்று யாரும் சோதித்ததில்லை. ரத்தமே இல்லாத உடம்பு வேறு. அவள் என்ன முழுங்கினாள் என்பதைச் சொல்லாமல் எந்த டாக்டரிடம் கொண்டுபோனாலும் சரியான மருந்து கொடுக்க முடியாது.

அஞ்சலக்கா பின்னாலேயே வந்துவிட்டாள்.

“சொன்னா என்ன தூக்கிடுவாங்க இல்ல?”

“தூக்கிடுவாங்கக்கா.”

“அப்ப சொல்லாத. நண்டு கடிச்சதுதான், நாளிக்கி வுட்டுடும். கஸ்தூரி, எனக்கு வேற வழி இல்லன்னு உனுக்குத் தெரியும்.”

தெரியும். பஸ் நிறுத்தம் வரை நடந்து, அங்கிருந்து சாருக்குப் போன் போட்டேன். பாதி சொல்லும்போதே அழுதுவிட்டேன். சார் குறுக்கே ஒரு கேள்விதான் கேட்டார்: “காய்ச்சல் எத்தனை நாளாம்மா?” ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.

வள்ளியின் ரத்தத்தைத் தட்டில் போட்டவள் நான்தான். மறுநாள் காலை சார் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். நீலம் இல்லை. மோந்து பார்த்தார். “இன்னொரு தட்டு போடும்மா.” போட்டேன். அதிலும் நீலம் இல்லை. மஞ்சளாகச் சின்னச் சின்ன முத்துகள் முளைத்திருந்தன. புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் சாதாரணக் கிருமி. நண்டு கடித்ததுதான். சாதாரண மருந்திலேயே வள்ளி நாலு நாளில் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போட்டாள்.

ஆக, நான் வாயை மூடிக்கொண்டு அவளைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தாலும் பிழைத்திருப்பாள். அஞ்சலக்காவும் சோதனையில் இருந்திருப்பாள். இது எனக்குத் தட்டைப் பார்த்த பிறகுதான் தெரியும் என்று ஆயிரம் முறை எனக்கே சொல்லிக்கொண்டாயிற்று. ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சோதனைக்கு அனுமதி கொடுத்த குழு கூடியது. சார் உள்ளே ரொம்ப நேரம் வாதாடினார். அந்த அம்மா ஏமாற்றவில்லை, பங்கு போட்டிருக்கிறார், அவ்வளவுதான் என்றாராம். குழு விதியைக் காட்டியது. விதி சரிதான், அதை எழுதியதில் சாருக்கும் பங்கு உண்டு. அஞ்சலக்கா விலக்கப்பட்டாள். வள்ளியும் மாரியண்ணனும் கணக்கில் வராமல் மருந்தை முழுங்கிவிட்டதால் பின்னால் எந்தச் சோதனையிலும் சேர முடியாது. ரத்தம் ஊறினாலும் கிடையாது. சார் வெளியே வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். அன்று அவர் எதையும் மோந்து பார்க்கவில்லை, இன்னொரு தட்டும் கேட்கவில்லை.

அஞ்சலக்கா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. மாத்திரை முழுசாகப் போயிருந்தால் தாண்டியிருப்பாளா என்று சாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஃபைலில் நான் எழுதிய முதல் வரி, “நோயாளி மருந்தைப் பகிர்ந்துகொண்டதால் விலக்கப்பட்டார்.” இரண்டாவது வரி, “மீதி மருந்து திரும்பப் பெறப்பட்டது.” ஆய்வகத்துப் பெண் கேட்டது அந்த இரண்டாவது வரியைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டு அதையும் சொல்லிவிடுகிறேன்.

குழு முடிவு சொல்லும் வரை டப்பா அக்காவிடமே இருந்தது. சொன்ன மறுநாள் காலையிலேயே போனேன். அக்கா குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தாள்.

“வள்ளிக்கி எப்பிடிக்கிது?”

“நல்லாக்கிறாக்கா. நம்ம கிருமி இல்ல. நண்டு கடிச்சதுதான்.”

“நான் சொன்னேன் இல்ல.”

“ஆமாக்கா.”

“அவ பொழச்சிக்கினா, சந்தோசம். ஆனா உன்ன நான் மன்னிக்க மாட்டேன், பாத்துக்க.” கோபமே இல்லாத குரலில் சொன்னாள். பிறகு உள்ளே போய் மாத்திரை டப்பாவை எடுத்து வந்தாள். மீதியை அவள் எதிரிலேயே எண்ணி, படிவத்தில் எழுதி, கைநாட்டு வாங்க வேண்டும். கொட்டி எண்ணினேன். ஒன்பது இருந்தது. அக்கா அதில் ஒன்றை விரலால் தன் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

“எட்டுன்னு எழுதிக்க. இன்னிக்கி மாரியண்ணனோட பாடு. போன வாட்டி சீட்டுல கடேசியா வந்தவரு. இத மட்டும் வுட்டுட்டுப் போ.”

அவள் விரல் அந்த மாத்திரையின் மேலேயே இருந்தது. நான் விரலை எடுத்துவிட்டு மாத்திரையை டப்பாவில் போட்டு மூடினேன். ஒன்பது என்று எழுதினேன். அக்கா கட்டை விரலை நீட்டினாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன். எதிரே மாரியண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி. அவருக்குக் குழுவின் முடிவை இன்னும் யாரும் சொல்லவில்லை.

“வாம்மா கஸ்தூரி, காலங்காத்தாலயே வந்துட்டியா? இன்னிக்கி என் பாடு. வெறும் வயித்துலதான் போடணும்னு அஞ்சல சொல்லிச்சி, அதான் ஒரு வாய் டீகூடக் குடிக்காம வரேன்” என்றார்.